பாறையைக் கழுவியவர் ஐலிஃப்

1

இந்தக் கதை எனக்கு ஒரு நன்றியுரையிலிருந்து கிடைத்தது. நிலவியல் சஞ்சிகை ஒன்றில் பத்தொன்பது பக்கக் கட்டுரை. அதன் கடைசியில், பல்கலைக்கழகத்துக்கும் பணம் தந்த சபைக்கும் நன்றி சொல்லி முடித்த பிறகு, எறும்பு எழுத்தில் ஒரு வரி: ‘பாறையைக் கழுவித் தந்த ஸ்கார்விக் ஊரவர் ஐலிஃபுக்கும் நன்றி.’ கட்டுரை முழுவதிலும் எனக்கு விளங்கிய ஒரே வரி அதுதான். அது உண்மை இல்லை என்பதும் கூடவே விளங்கியது.

[உண்மை என்னவென்று இப்போதே சொல்லிவிட்டால் கதை அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள்.]

என் பெயர் மங்களேஸ்வரி. நோர்வேயின் வடக்கே, லொஃபோத்தன் தீவுகளில், ஸ்கார்விக் மீன் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடமாக வேலை செய்கிறேன். இங்கே என்னை மங்கா என்பார்கள். இன்று மே பதினாறு. நாளை நாட்டின் பெரிய கொண்டாட்டம். காலை பதினொரு மணிக்குப் பிள்ளைகளின் ஊர்வலம் கொடிக்கம்பத்தடியில் வந்து நின்றதும், பின்னால் இருக்கிற பாறையில் ஒரு பித்தளைத் தகட்டைத் திறந்து வைக்கப்போகிறார்கள். அந்தத் தகட்டில் ஒரு பெயர் இருக்கும். எந்தப் பெயர் என்று எனக்குத் தெரியாது. அதனால் சமையலறை மேசையில் உட்கார்ந்து கதை எழுதுகிறேன்.

தொடக்கம் ஒன்று: ‘நாற்பது கோடி வருடங்களுக்கு முன்பு, பூமிக்குள் முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், ஒரு பாறை திடீரென்று —’

நிறுத்திவிட்டேன். அந்த நேரத்தில் பார்த்தவர் யாருமில்லை. பார்க்காத சங்கதியை இவ்வளவு உறுதியாகச் சொல்ல நான் என்ன பேராசிரியரா?

தொடக்கம் இரண்டு: ‘கடலும் மலையும் கைகோத்து நிற்கும் எழில் கொஞ்சும் —’

இதைச் சுற்றுலாக்காரர்களிடம் கொடுத்துவிடலாம்.

தொடக்கம் மூன்று: ‘ஊரிலேயே பெரிய தண்ணீர் மெஷின் ஐலிஃபிடம்தான் இருந்தது.’

இது நிற்கிறது. இதிலிருந்து போவோம்.

2

ஊரிலேயே பெரிய தண்ணீர் மெஷின் ஐலிஃபிடம்தான் இருந்தது. சூடுதண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் படகின் அடிப்பாசியைக் கழற்றுகிற மெஷின். ஒன்பது வருடத்துக்கு முன்பு அவருக்கு அறுபத்தொரு வயது. சொந்தப் படகில் கொட் மீன் பிடித்து எங்கள் தொழிற்சாலைக்குக் கொடுப்பவர். இரண்டு மீட்டருக்கு இரண்டு விரல் குறைந்த உயரம். எங்கள் சாப்பாட்டறைக் கதவுக்குள் குனிந்துதான் வருவார், குனிந்தபடியே கோப்பியை ஊற்றுவார்.

அந்த வசந்தத்தில் அவருக்கு ஒரு புதுப் பொழுதுபோக்கு வாய்த்திருந்தது. துரொண்ட்ஹைம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த குன்வோர் என்கிற ஆய்வு மாணவி கொடிக்கம்பத்துப் பாறையில் மஞ்சள் மெழுகுக் கட்டியால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கட்டத்துக்குள் எண் எழுதிக்கொண்டிருந்தாள். வலையைச் செப்பனிட்ட பிறகு ஐலிஃப் போய்ப் பக்கத்தில் நிற்பார்.

“நீர் ஏன் உந்தக் கல்லைக் கணக்கெடுக்கிறீர்? ஓடிப்போயிடுமெண்டோ?”

“ஓடி முடிஞ்ச கல், ஐலிஃப். எவ்வளவு தூரம் ஓடினது எண்டுதான் பாக்கிறன்.”

(* ஒரு குறிப்பு. இங்கே எல்லாரும் எல்லாரையும் ஒரே சொல்லால்தான் விளிப்பார்கள், மந்திரியானாலும் மீன் வெட்டுபவளானாலும். அதைத் தமிழில் ‘நீ’ என்று எழுதினேன், சண்டை மாதிரி இருந்தது. ‘நீங்கள்’ என்று எழுதினேன், பெண் பார்க்க வந்த மாதிரி இருந்தது. எங்கள் யாழ்ப்பாணத்து ‘நீர்’ கச்சிதமாகப் பொருந்தியது. ஐலிஃபை மட்டும் நான் ‘நீங்கள்’ என்கிறேன். என் வாய் அப்படி வளர்ந்துவிட்டது.)

குன்வோர் விரலால் தொட்டுக் காட்டினாள். சாம்பல் நிறப் பாறையில் விரல் தடிப்பில் ஒரு கறுப்பு நரம்பு நேராக ஓடியது.

“இது ஒரு நிலநடுக்கம்.”

“உந்தக் கோடோ?”

“கோடேதான். முப்பது கிலோமீட்டர் ஆழத்தில ரெண்டு பக்கப் பாறையும் ஒண்டோட ஒண்டு உரஞ்சி ஓடியிருக்கு. அந்தச் சூட்டில நடுவில உருகிப்போச்சு. ஓட்டம் நிண்ட கையோட கறுப்பா இறுகிப்போச்சு. ஓடினது எல்லாம் நாலைஞ்சு செக்கன். பிறகு மேல கிடந்த மலையெல்லாம் தேய்ஞ்சு, இது மெல்ல மெல்ல எழும்பி இஞ்ச வந்து நிக்குது.”

“உமக்குக் காட்ட வந்திருக்கு.”

“பகிடி விடாதையும்.”

அன்று சாப்பாட்டறையில் அவள் பழுப்புச் சீஸில் இரண்டு துண்டு வெட்டினாள். ஒன்றைக் கோப்பி மெஷின்மேல் வைத்தாள், மற்றதைக் குளிர்ப்பெட்டியில் வைத்தாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு சூடான துண்டை வளைத்தாள், வளைந்தது. குளிர்ந்ததை வளைத்தாள், முறிந்தது.

“ஆழத்தில சூடு. சூட்டில பாறை இப்பிடி வளைஞ்சு குடுக்கத்தான் வேணும். ஆனா அங்க முறிஞ்சிருக்கு. அவ்வளவு கீழ ஏன் முறிஞ்சது எண்டதுதான் என்ர நாலு வருசத் தலையிடி.”

ஐலிஃப் முறிந்த துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். “காய்ஞ்சு கிடந்திருக்கும்.”

“என்ன?”

“எங்கட பரணில தொங்கிற மீனைப் பாரும். காய்ஞ்ச பிறகு வளையுமே? சுத்தியலால அடிச்சால் தெறிக்கும். ஒரு கிழமை தண்ணியில ஊறப்போட்டால் துணி மாதிரித் துவளும். உம்மட பாறையும் ஈரமில்லாமல் கிடந்திருக்கும்.”

குன்வோர் கத்தியைக் கீழே வைத்தாள். “ஐலிஃப், அதைக் கண்டுபிடிக்க எத்தினை பேர் எத்தினை வருசம் ஆய்வுகூடத்தில கிடந்தவை தெரியுமே?”

“இஞ்சால ஒருக்கா வந்து கேட்டிருக்கலாம்.”

அவளுக்கு வேண்டியிருந்தது இன்னும் ஒன்றே ஒன்றுதான். பாறையின் இடது பக்கத்தில் ஒரு வெள்ளைப் பட்டை வந்து, நாற்பத்தேழாம் எண் நரம்பில் முட்டி, வெட்டின மாதிரி நின்றது. நரம்புக்கு அப்பால் அதன் மறுபாதி எங்கோ தள்ளிப்போய்க் கிடக்க வேண்டும். இரண்டு பாதிக்கும் நடுவிலுள்ள தூரம் தெரிந்தால் அந்த நிலநடுக்கம் எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடலாம். தெரியாவிட்டால், ‘ஏதோ ஆடியது’ என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆனால் நரம்புக்கு அப்பால் பாறை அடுப்படிச் சுவர் மாதிரிக் கறுத்துக் கிடந்தது. முன்பு அங்கே மீனெண்ணெய் காய்ச்சும் கொட்டில் இருந்தது. கொட்டிலை மூடி நாற்பது வருடமாகியும், நூறு வருடப் புகையும் எண்ணெயும் பாறையை விட்டுப் போகவில்லை. கழுவ அனுமதி கேட்டு குன்வோர் உள்ளூராட்சி அலுவலகத்துக்கு எழுதியிருந்தாள். எட்டு வாரமாக ஒரே பதில்: விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. மே இருபதாம் தேதி அவள் போக வேண்டும். பணமும் அந்த வசந்தத்தோடு முடிகிறது.

3

மே பதினேழுக்கு முந்தின சனிக்கிழமை ஊர்ச் சிரமதானம். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஊர் வேலைகளைப் பங்கிடுகிற துர்குன், கடைக் கதவில் ஒரு பட்டியலை ஒட்டுவாள். அதில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறதோ அதுதான் உங்கள் விதி. குன்வோர் படித்தவள், விண்ணப்பம் போட்டாள். ஊர் தண்ணீரை அடித்தது.

அன்று குன்வோர் ஊரில் இல்லை. பாறையை மேலிருந்து முழுவதாகப் படம் எடுக்க ஒரு ட்ரோன் வாங்கி வரப் பட்டணத்துக்கு பஸ்ஸில் போயிருந்தாள்.

ஐலிஃப் மெஷினை முடுக்கினார். குழாய் பாம்பு போல் — [எல்லாக் குழாயும் பாம்பு போலத்தான். வெட்டு.] ஐலிஃப் மெஷினை முடுக்கினார். தண்ணீர் சீறியது. ஒரு கோடு அடிக்க ஒரு கோடு சுத்தமானது. அவருடைய உள்ளம் மகிழ்ச்சியில் —

இந்த இடத்தில் ஐலிஃப் ஒத்துழைக்க மறுக்கிறார். ஒரு பக்கத்தை நாலு தடவை எழுதிவிட்டேன். சுத்தத்தைக் கண்டு மகிழ்கிற மனிதர் இல்லை அவர். அவருடைய படகு வருகிறதென்பதைக் காற்று திரும்பினால் மூக்காலேயே அறியலாம். அவர் கையில் மெஷினைக் கொடுத்தால் அது விறகுக் கட்டை மாதிரி நிற்கிறது.

[இதைக் கட்டுக்கதை என்று நினைக்க வேண்டாம்: இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. ஐலிஃப்தான். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து உள்ளே வந்து, கேட்காமல் கோப்பியை ஊற்றிக்கொண்டார்.]

“என்ன எழுதுறீர்?”

“கதை.”

“ஆரைப் பற்றி?”

“உங்களைப் பற்றித்தான்.”

“எங்க, வாசியும் பாப்பம்.”

தமிழில் எழுதியதை நோர்வேஜிய மொழியில் சொல்லிக்கொண்டே வந்தேன். சீஸ் வந்தபோது சிரித்தார். காய்ந்த மீன் வந்தபோது, “அது நான் சொன்னதுதான், வடிவா எழுதியிருக்கிறீர்” என்றார். மெஷின் வந்ததும் கோப்பையை மேசையில் வைத்தார்.

“மங்கா, நான் அந்த மெஷினை வாங்கின நாளில இருந்து ஒருநாளும் பிடிச்சதில்லை. இரவல் குடுக்கத்தான் வாங்கினது.”

“கதைதானே.”

“கதையெண்டாலும் ஒரு நியாயம் வேணும். என்ர மச்சான்மார் இதைக் கேட்டால் கடலுக்க விழுந்து சிரிப்பினம். அந்தக் கட்டுரை வந்த நாளில இருந்து அதை வைச்சே என்னை அறுக்கிறாங்கள். சொந்தப் படகைக் கழுவாதவன் ஊர்ப் பாறையைக் கழுவினவனாம். இனித் தகடும் வரப்போகுது. பித்தளை! நான் செத்தாலும் அது கிடக்கும்.”

“அப்ப அண்டைக்கு நீங்கள் ஏன் —”

“நான் பொய் சொல்லேல்லை. அண்டைக்கு நான் சொன்னது ரெண்டே ரெண்டு சொல். உமக்குத் தெரியும்.”

எனக்குத் தெரியும்.

“உள்ளதை எழுதும். இல்லாட்டி நாளைக்கு எழும்பிச் சொல்லும். ரெண்டில ஒண்டு.”

4

சரி. எழுதுகிறேன். ஐலிஃப் எதிரில் உட்கார்ந்து வெல்லப்பாகு பிஸ்கட்டைக் கோப்பியில் நனைத்துக்கொண்டிருக்கிறார். இனித் தப்ப முடியாது.

அன்று பட்டியலில் ‘தண்ணீர் மெஷின்’ என்கிற வரிக்கு நேரே என் பெயர் இருந்தது.

பருவத்தின் கடைசி மீன் வந்து குவிந்திருந்ததால், இரண்டு வாரமாக இரட்டை வேலை. கொடிக்கம்பத்துப் பக்கமே நான் போகவில்லை. குன்வோர் கல் பார்க்கிற பெண் என்று தெரியும். சுத்தியலும் கையுமாகத்தான் அவளைக் கண்டிருக்கிறேன்; மேலே எழுதின பேச்செல்லாம் பிறகு ஐலிஃப் சொல்லிக் கேட்டது. துர்குனோ அந்தக் கிழமைதான் தங்கை வீட்டிலிருந்து திரும்பியிருந்தாள். மேலும், மே மாதத்தில் இங்கே பள்ளிப் படிப்பை முடிக்கிற பெடியள் சிவப்புக் காற்சட்டை மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் கிறுக்குவார்கள். பஸ் தரிப்பிடத்தில் கிறுக்கினார்கள், கடைச் சுவரில் கிறுக்கினார்கள், போதகரின் காரிலும் கிறுக்கினார்கள். எல்லாம் மஞ்சள்.

“மங்கா!” என்று துர்குன் கொடிக்கம்பத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டே கத்தினாள். “அந்தக் குரங்குகள் பாறையெல்லாம் நம்பர் கிறுக்கி வைச்சிருக்குதுகள். நூத்துப் பதினெட்டாம்! அதென்ன நூத்துப் பதினெட்டு, அவங்கட பரீட்சைப் புள்ளியோ? அதையும் ஒரு கை பாரும்!”

பார்த்தேன். ஐயோ, என்ன சுகம்! மீன் செதிலையும் இரத்தத்தையும் பதினெட்டு வருடம் கழுவியவள் நான், தண்ணீர்க் குழாய் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி. ஆனால் இப்படி ஒரு மெஷினைக் கனவிலும் பிடித்ததில்லை. தொழிற்சாலைத் தரை கழுவி முடிவதற்குள் மறுபடி அழுக்காகும். இந்தப் பாறை கழுவினால் கழுவினபடி நின்றது. கறுப்பு போய்ச் சாம்பல் வந்தது. சாம்பலுக்குள் ரோசா நிறம் வந்தது. நான் தனியே நின்று உரக்கச் சிரித்தேன். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

இனி வருவதுதான் இந்தக் கதையின் கஷ்டமான வரி. மூன்று தரம் எழுதி மூன்று தரம் அடித்திருக்கிறேன்.

பத்து நிமிடத்துக்குப் பிறகு எனக்குத் —

மஞ்சள் எண்களில் பாதி போன பிறகு, நாற்பத்தேழு என்ற எண் என் முன்னால் —

நாற்பத்தேழைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தது. பக்கத்தில் சிறிய அம்புக்குறி, அதன் கீழே பதினெட்டு சென்டிமீட்டர் என்று அளவு. பெடியள் சென்டிமீட்டர் எழுதமாட்டார்கள். அந்த நிமிடம் எனக்குத் தெரிந்துவிட்டது, இது குன்வோரின் எழுத்து.

மெஷினை நிறுத்தினேன். பாதி கழுவின பாறை பாதி மொட்டையடித்த தலை மாதிரி நின்றது. அதோடு விட்டிருந்தால் பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம். எனக்குத் தெரியும். ஆனால் கையில் அந்தக் குழாய் இன்னும் சூடாக இருந்தது. மிச்சம் கிடந்த கறுப்பு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. போனது போச்சு, அரைகுறையாக விட்டால் இரண்டு பாவம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, பாறை முழுவதையும் கழுவி முடித்தேன். என் கைக்கும் குழாய்க்கும் எட்டின மட்டும்.

இதை ஒன்பது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. “அந்தப் பாதிச் சங்கதி எனக்கே தெரியாது” என்கிறார் எதிரில் இருப்பவர், பிஸ்கட் வாயோடு.

5

மூன்று மணி பஸ்ஸில் குன்வோர் வந்தாள். நாங்கள் கொடிக்கம்பத்தடியில் மேசை போட்டு வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தோம். ஐலிஃபும் கடலிலிருந்து வந்து வரிசையில் நின்றார். அவர் பாறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்ததைப் பார்த்தார். வாஃபிளுக்குத் தட்டை நீட்டினார்.

குன்வோர் ட்ரோன் பெட்டியை மெல்லக் கீழே வைத்தாள். எண்கள் அவளுடைய நோட்டில் இருந்தன. எந்த எண் எந்த இடத்தில் என்பது பாறையில் மட்டும்தான் இருந்தது. அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இந்த ஊரில் கத்தமாட்டார்கள். துர்குன் அவளுக்கு ஒரு கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். அவளும் வாங்கிக்கொண்டாள்.

“ஆர் செய்தது?” என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

எல்லாரும் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். வாய் நிறைய வாஃபிள். [இது சாக்கு அல்ல, உண்மை. சரி, கொஞ்சம் சாக்கும்தான்.] நான் விழுங்கி முடிப்பதற்குள் ஐலிஃப் சொன்னார்:

“மெஷின் என்ர.”

அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லைத்தான் ஊர் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டது.

குன்வோர் கோப்பையோடு பாறைக்கு நடந்தாள். பாறை இன்னும் ஈரமாக இருந்தது, வெயில் நேரே விழுந்தது. ஈரத்தில்தான் கல்லின் நிறம் முழுதாக எழும்பும். கறுப்பு நரம்புகள் மையால் கீறினதுபோல் பளபளத்தன. அவள் நாற்பத்தேழை எண் இல்லாமலே கண்டுபிடித்தாள். அதன் வழியே விரலை வைத்துக்கொண்டு கீழே கீழே போனாள். முழங்காலில் இருந்தாள். கோப்பி கவிழ்ந்தது.

“இஞ்ச வாங்கோ,” என்றாள். யாரும் அசையவில்லை. “இஞ்ச வாங்கோ எண்டுறன்! எல்லாரும்!”

நரம்புக்கு அப்பால், காலையில்வரை புகைக்கறை மூடிக் கிடந்த இடத்தில், வெள்ளைப் பட்டையின் மறுபாதி நின்றது. அதே அகலம், அதே சாய்வு, நடுவில் அதே இளஞ்சிவப்புக் கீற்று. இரட்டைப் பிள்ளைகளை இரண்டு தெருவில் நிறுத்தினது மாதிரி.

அளவுநாடாவின் ஒரு முனையைத் துர்குன் பிடித்தாள். ஒரு மீட்டர் முப்பத்தொரு சென்டிமீட்டர்.

“ஒரே தரத்தில! நாலைஞ்சு செக்கனில!” குன்வோர் சிரித்தாள், மூக்கைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். “நிலநடுக்க அளவில ஏழுக்குக் கொஞ்சம் கீழ. அவ்வளவு ஆழத்தில, அவ்வளவு பெரிசு! அதுக்கு மேல ஊர் எண்டு ஒண்டு இருந்திருந்தால் ஒரு சுவர் மிஞ்சாது.”

“நல்லகாலம் அப்ப நாங்கள் வீடு கட்டேல்லை,” என்றார் ஐலிஃப்.

[நம்பும்படியாக இல்லை என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராய் முடிகிற கதையை நானும் நம்பமாட்டேன். கதாசிரியையாக எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாறை அங்கேயே நிற்கிறது. போய் அளந்து பாருங்கள்.]

அழிந்த எண்களை அடுத்த நாலு நாளில் ஊரே சேர்ந்து மறுபடி போட்டுக் கொடுத்தது. அவள் வாசிக்க வாசிக்க நாங்கள் எழுதினோம். சிவப்புக் காற்சட்டைப் பெடியளும் வந்தார்கள். ஆனால் அது பிறகு. அன்று அவள் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று ஐலிஃபின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். ஐந்து வாஃபிள் தின்றாள். அதற்குப் பிறகு இன்னொன்றும் செய்தாள். அளவுநாடாவை எடுத்துப் பாறையின் மேற்பக்கத்தில், கழுவின இடம் முடிந்து கறுப்பு தொடங்குகிற விளிம்பை அளந்தாள். நோட்டில் ஏதோ எழுதினாள். ஐலிஃபை உச்சிமுதல் உள்ளங்கால்வரை பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். நன்றிச் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

6

ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லத்தான் இருந்தேன். வாஃபிளை விழுங்கியும் ஆயிற்று. ஆனால் அதற்குள் குற்றம் புகழாக மாறிவிட்டது. குற்றத்தில் பங்கு கேட்காதவள் புகழில் மட்டும் பங்கு கேட்கலாமா? ‘கழுவினது நான்’ என்று கோபத்தின் முன்னால் சொல்லியிருந்தால் அது நேர்மை. முத்தத்துக்குப் பிறகு சொன்னால் அது பேராசை. அப்படி நினைத்து நினைத்தே ஒன்பது வருடம் போயிற்று. முறிகிற அளவுக்குக் காய்ந்துவிட்டேன்.

இதை நான் வாசித்துக் காட்டியதும் ஐலிஃப் தலையை ஆட்டினார். “அதைத்தான் நானும் சொல்ல வந்தனான்,” என்று எழும்பினார். “சரி, நான் வாறன். துர்குன் துளை போடச் சொன்னவ. துளையைப் போட்டு, தகட்டையும் பூட்டிப்போட்டன்.”

“தகட்டைப் பாத்தீங்களோ? என்ன பேர்?”

“துணியால சுத்தித் தச்செல்லே தந்தவ குன்வோர். நானும் கேக்கேல்லை, அவவும் சொல்லேல்லை.” சப்பாத்தை மாட்டிக்கொண்டே முணுமுணுத்தார். “ஆனா அந்தப் பெட்டைக்கு விசர். நேற்று வந்து மஞ்சள் கட்டியால தானே அடையாளம் போட்டவ. எங்க போட்டவ தெரியுமே? என்ர நெஞ்சுக்கும் கீழ. ‘இதை வாசிக்க நான் ரெண்டா மடிய வேணுமே’ எண்டு கேட்டன். ‘மடிஞ்சு வாசியும், சாகமாட்டீர்’ எண்டா. உயரத்தை நோட்டைப் பாத்து அளந்தவ. பழைய நோட்டு.”

“எவ்வளவு உயரம்?”

“நூத்து நாப்பது.”

நான் யன்னலால் பார்த்தேன். கொடிக்கம்பம் தெரிந்தது. பின்னால் பாறை தெரிந்தது. ஒன்பது வருடமாகத் தினமும் பார்க்கிற பாறை. கீழே சாம்பலும் ரோசாவுமாகச் சுத்தம், மேலே கறுப்பு. இரண்டுக்கும் நடுவில் விளிம்பு, அலை அலையாக வளைந்து வளைந்து போகிறது. ஒவ்வொரு வளைவும் ஒரு வீச்சு. வீசின கையின் தோள் எந்த உயரத்தில் இருந்தது, ஆள் எவ்வளவு உயரம் என்பதை ஒரு நூலை வைத்துப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லிவிடும். ஐலிஃப் கழுவியிருந்தால் அந்த விளிம்பு இன்னும் ஒரு முழம் மேலே போயிருக்கும்.

நாலைஞ்சு செக்கனில் நடந்ததை நாற்பது கோடி வருடத்துக்குப் பிறகு கல்லிலிருந்து வாசிக்கிற பெண்ணுக்கு, அன்று காலையில் நடந்ததை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? தெரிந்தும் கட்டுரையில் ஐலிஃபுக்கு நன்றி எழுதினது, நானே வாயைத் திறக்கட்டும் என்றுதான் இருக்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தேன் என்றுதான் இருந்தேன். பூசணிக்காய் கொடிக்கம்பத்துக்குப் பின்னால், ஊர் பார்க்க, ஏழு மீட்டர் நீளத்துக்கு நிற்கிறது.

“ஐலிஃப்,” என்றேன். “ஊருக்குத் தெரியுமே?”

அவர் கதவடியில் குனிந்தபடி நின்றார். “ஆரும் கேக்கேல்லை,” என்றார். இந்த ஊரில் அதற்கு அர்த்தம், எல்லாருக்கும் தெரியும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

7

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று: துணி விலகுகிறது, தகட்டில் ஐலிஃபின் பெயர். ஊர் கைதட்டுகிறது. அவருடைய மச்சான்மார் கடலுக்குள் விழுகிறார்கள். நானும் கைதட்டுகிறேன். [மரியாதையான முடிவு. ஐலிஃப் என்னோடு கதைக்கமாட்டார்.]

முடிவு இரண்டு: துணி விலகுகிறது, என் பெயர். மங்களேஸ்வரி என்பதைப் பித்தளையில் எழுத்துப் பிழை இல்லாமல் வெட்டியிருக்கிறார்கள். [இதை எழுதும்போது இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் வாயைத் திறக்காமலே எனக்குக் கிடைத்துவிட்டால், அந்த ஒன்பது வருடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?]

முடிவு மூன்று: துணி விலகுவதற்கு முன்பே ஒரு குள்ளமான மனுஷி முன்னால் போய், கோப்பியோ வாஃபிளோ வாயில் இல்லாமல், “குன்வோர், பாதியில எனக்கு விளங்கினது. விளங்கியும் நான் நிப்பாட்டேல்லை” என்கிறாள். ஊர்வலப் பிள்ளைகள் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு பார்க்கிறார்கள். குன்வோர் சொல்கிறாள் —

குன்வோர் என்ன சொல்வாள் என்று என்னால் எழுத முடியவில்லை. எழுதினால் அது அவள் சொன்னதாக இருக்காது, நான் ஆசைப்பட்டதாக இருக்கும். ஒரு தடவை ஐலிஃபின் கையில் மெஷினைக் கொடுத்துப் பார்த்தேன், போதும்.

ஆகவே இந்தக் கதையை இங்கே விட்டுவிட்டு, நாளைக்கு உடுக்கிற சேலைக்கு மடிப்புப் போடப் போகிறேன். மூன்றாம் முடிவின் முதல் பாதி என் பொறுப்பு, அதை நாளை பதினொரு மணிக்கு முன்பு செய்துவிடுவேன். துணியின் கயிறு உங்கள் கையில். எப்போது இழுக்கலாம், நான் பேசி முடித்த பிறகா, முன்பா, உள்ளே எந்தப் பெயர் என்பதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒன்று மட்டும் தெரியும். இப்போதுதான் கதவு நிலையில் பென்சிலால் அளந்து பார்த்தேன். நான் நூற்றைம்பது சென்டிமீட்டர். என் கண் நிற்கிற உயரம் நூற்று நாற்பது. தகட்டில் என்ன எழுதியிருந்தாலும், அதை வாசிக்க ஐலிஃப் குனிய வேண்டும், துர்குன் குனிய வேண்டும், குன்வோரும் குனிய வேண்டும். நான் நேராக நின்று வாசிப்பேன்.